இனிஷியலில் சிக்கிய வரிப் பணம்

கிழக்குத் தாம்பரம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

கிறிஸ்துவுக்குள் பிரியமான மனைவி ஹில்டாவுக்கு,

ஐசக் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் சர்க்கரை மாத்திரையும் நலம். மெல்பர்னில் நீ, மகள் ஜெனி, மாப்பிள்ளை டெனிஸ், பேரன் எல்லோரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். வீடியோவில் நீ பேரனைத்தான் காட்டுகிறாய். அவனைப் பிடித்திருக்கும் உன் கை மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. அந்தக் கையோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது?

விஷயத்துக்கு வருகிறேன். "மாப்பிள்ளை காசுல பிளேன் ஏற மாட்டேன், நானே சம்பாதிச்சு வர்றேன்" என்று ஏர்போர்ட்டில் உன்னிடம் வீராப்பாகச் சொன்னேன் அல்லவா? சொன்னபடியே இந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் மூன்று வேலை பிடித்தேன். காலையில் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி, மதியம் பொத்தேரியில் கோச்சிங் சென்டர், சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு பம்மலில் ஒரு பட்டறைக்குக் கணக்கு எழுதப் போவது. மூன்று இடத்து முதலாளிகளும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது, ஆளாளுக்கு என் சம்பளத்தில் வருமான வரியைப் பிடித்துவிட்டார்கள். மூன்று சம்பளத்தையும் கூட்டினாலும் எனக்கு வரியே கிடையாதாம்! ஆக, என் டிக்கெட் காசு அரசாங்கத்திடம் இருக்கிறது. ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும் என்று நம் தெரு ஆடிட்டர் சாம்பசிவன் போட்டுக் கொடுத்தார்.

வரவில்லை. விசாரிக்க வரி ஆபீசுக்கு போன் செய்தால் ஒரு பெண், "மிஸ்டர் தேவசகாயம் லைன்ல இருக்காரா?" என்றாள். "அவர் கர்த்தருக்குள் நித்திரையடைஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சும்மா, நான் அவர் பையன்" என்றேன். பாவம், வருத்தம் தெரிவித்துவிட்டு, வாரிசுச் சான்றிதழ் அனுப்பச் சொன்னாள். நானும் தாலுகா ஆபீஸ் வரை போய் வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். சாம்பசிவன் தலையில் அடித்துக்கொண்டார். "சார், செத்துட்டதா நீங்க சொன்னது உங்களைத்தான்!" பான் கார்டு வாங்கியபோது 'டி' என்ற இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். அப்பா ஆயிற்றே என்று மரியாதைக்கு அவர் பெயரை முதலில் எழுதித் தொலைத்தேன். அதனால் வரி ஆபீசுக்கு நான் தேவசகாயம், பேங்குக்கு டி. ஐசக். பெயர் ஒத்துப்போகாததால் பணம் வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது.

சரி, உயிரோடுதான் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, பேங்கிலும் தேவசகாயம் ஐசக் என்று பெயரை மாற்ற மனு போட்டேன். அன்றிலிருந்து மேனேஜர் "வாங்க தேவசகாயம் சார்" என்கிறார். எனக்கே சமயத்தில் நான் யார் என்று சந்தேகம் வந்துவிடுகிறது. நீ எந்தப் பெயரையும் சொன்னதில்லை, "என்னங்க"தான். அதைக் கேட்டு எத்தனை நாளாச்சு, ஹில்டா! நேற்று மார்க்கெட்டில் யாரோ ஒரு அம்மாள் தன் புருஷனை "என்னங்க" என்றாள். நான் சட்டென்று திரும்பிவிட்டேன். காய்கறிக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்காக நீ அவசரப்பட்டுக் கிளம்பாதே. குழந்தைக்கு ஒரு வயசாகட்டும் என்று நீ சொன்னது நியாயம்தான். எனக்கு ஒரு குறையும் இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து முறைக்க நீ இல்லாததால் கோயிலில் பிரசங்கம் முழுக்க நிம்மதியாகத் தூங்குகிறேன். வீட்டில்தான் தூக்கம் வர மாட்டேங்குது. பணம் வந்ததும் டிக்கெட் எடுத்துக்கொண்டு நானே வருவேன். அதுவரை மாப்பிள்ளையிடம் ஒரு பைசா கேட்காதே.

ஜெனிக்கும் டெனிஸுக்கும் என் ஆசீர்வாதம், பேரனுக்கு என் முத்தம். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டுக்குக் காவலாக இருப்பாராக.

உன்
ஐசக்
(வரி ஆபீசில் கேட்டால், தேவசகாயம்)

பி.கு. (திங்கட்கிழமை): கவரை ஒட்டுவதற்குள் பணம் வந்துவிட்டது! விசா எடுத்துக் கொடுக்கும் ஃபிரெடியிடம் ஓடினேன். என் பாஸ்போர்ட்டையும், விசாவுக்குக் காட்ட வேண்டிய பேங்க் காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "அங்கிள், பேங்க்ல தேவசகாயம் ஐசக், பாஸ்போர்ட்ல ஐசக் தேவசகாயம். காசு வெச்சிருக்கிறவர் ஒருத்தர், போறவர் வேற ஒருத்தரா?" என்று கேட்டான். இன்னொரு மனு எழுத எனக்குத் தெம்பில்லை, ஹில்டா. பணத்தை உனக்கு அனுப்புகிறேன். ஒரு வயசும் வேண்டாம், என் வீராப்பும் வேண்டாம், நீ கிளம்பி வா. வீட்டிலிருக்கும் எல்லாக் காகிதத்தையும் கொட்டிப் பார்த்துவிட்டேன். என் பெயர் சரியாக இருப்பது உன் பாஸ்போர்ட் ஜெராக்ஸில் மட்டும்தான். ஹில்டா ஐசக்.