சத்தம் வராத கல்யாணப் படம்

கண்ணாடிக் கடைக்காரருக்கு ஊரில் நல்ல பெயர். உள்ளே நுழைகிறவர் கதவைத் தேடும் தினுசை வைத்தே பவரைச் சொல்லிவிடுவார். வீட்டில் அந்தப் பெயர் செல்லாது. அவர் தேடும் மூக்குக்கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருக்கும். எடுத்து மூக்கில் மாட்டிவிடுவது மனைவியின் வேலை.

மனைவிக்கு விமான நிலையத்தில் உத்தியோகம். பெட்டி வந்து சேராதவர்கள் புகார் கொடுக்கும் கவுண்டர் அவளுடையது. தொலைந்த பெட்டிக்குள் எல்லோருமே வைரம்தான் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். அவள் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வாள்.

கல்யாண நாள் நெருங்கியபோது அவள் ஒரே ஒரு ஆசையைச் சொன்னாள். கல்யாண வரவேற்பில் எடுத்த வீடியோவைப் பார்க்க வேண்டும். அவளுடைய அப்பா இப்போது இல்லை. அவர் சிரித்தால் பக்கத்து அறையில் இருப்பவர்களும் காரணம் தெரியாமலே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அந்த வீடியோவில் மட்டும்தான் மிச்சம்.

வீடியோ கணினியில் பத்திரமாகவே இருந்தது. திறக்கத்தான் மறுத்தது. எடுத்த கேமரா ஏதோ ஒரு வினோதமான வகை. அதைத் தயாரித்த கம்பெனியே மூடிப்போய்விட்டது. ஃபைலைத் தட்டினால், உரிய கோடெக் இல்லை என்று திரை கையை விரித்துவிடும்.

வீடியோ கடையில் கொடுத்து மாற்றி வாங்கலாமே என்றாள் மனைவி. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊருக்கே பார்வை கொடுக்கிறவன், வீட்டுக்கு ஒரு படம் காட்ட மாட்டேனா என்றார். பிறகு கோடெக் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கினார். சூட்கேஸில் துணியை அடைக்கிற மாதிரி படத்தை மடித்து அடைத்திருக்கிறார்கள். எப்படி மடித்தார்களோ அதே கணக்கில் பிரிக்கத் தெரிந்த ஆள்தான் கோடெக்.

"பிரிக்கிறது சரி," என்றாள் அவள். "நம்ம வீட்ல மடிக்கிற ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடையை மூடிவிட்டு வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். முதலில் இறக்கிய கோடெக்கில் கல்யாணக் கூட்டம் முழுக்கப் பச்சையாக வந்தது. அடுத்ததில் எல்லோரும் தலைகீழாக நின்று கைகுலுக்கினார்கள். இன்னொன்று படத்தைத் தொடவே இல்லை. கணினிக்குள் குடியேறி, தலைமுடிச் சாயத்துக்கு விளம்பரம் காட்டத் தொடங்கியது. சாப்பிடக் கூப்பிட்டால் கோடெக் என்பார், குளிக்கச் சொன்னால் கோடெக் என்பார். முட்டையிடப்போகிற கோழி மாதிரி என்ன இது கோடெக் கோடெக் என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில், யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் என்றைக்கோ எழுதிவைத்த குறிப்பு கண்ணில் பட்டது. அந்தக் கேமராவில் படத்துக்கு ஒரு கோடெக், சத்தத்துக்கு வேறொன்று. இரண்டையும் போட்டார். மனைவி வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. வந்ததும் அசத்திவிடலாம் என்று தனியாக ஓட்டிப் பார்த்தார்.

படம் பளிச்சென்று வந்தது, சத்தம் கணீரென்று வந்தது. மேடையில் மாமனார் மைக்கை அவரிடம் நீட்டி, "என் பொண்ணுக்கு என்ன செய்வீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார். மாப்பிள்ளை மைக்கைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை சமையல் ஆயுசுக்கும் தன் பொறுப்பு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். மாமனார் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. அந்த நேரம் மணப்பெண் மேடையின் மறுகோடியில் தோழிகளின் கூச்சலுக்கு நடுவே சிக்கியிருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை.

கண்ணாடிக் கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் அடுப்பைப் பற்றவைத்ததே இல்லை. அவசர அவசரமாகச் சத்தத்துக்கான கோடெக்கை மட்டும் தூக்கினார்.

மனைவி வந்தாள். படம் ஓடியது, ஊமையாக. அவள் அப்பாவின் வாய் திறந்தது, தோள் குலுங்கியது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இருந்தாலும் வாய், சத்தம் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு முழு நீளப் பிரசங்கமே செய்தது. கேமராவின் மைக் பழுதாம், அதற்கு உலகத்திலேயே கோடெக் கிடையாதாம், தேடினால் கணினி வெடித்துவிடுமாம்.

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுபடி ஒருமுறை போடச் சொன்னாள். அவர் மைக்கை வாங்கும் இடம் வந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்துபோனார். இன்னொரு முறை போடச் சொன்னாள். மறுபடியும் அதே இடத்தில் தாகம் எடுத்தது.

மறுநாள் அவள் அந்த ஊமைப் படத்தைத் திரையிலிருந்து கைபேசியில் பிடித்துத் தன் அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் டீச்சர். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். இந்தச் சங்கதியை மனைவி சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னபோது அவருக்குப் புரையேறியது.

"அக்கா பார்த்துட்டா," என்றாள் அவள், தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி. "ஏங்க, தினமும் செய்யறேன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டு, ஒருநாளாவது செஞ்சீங்களா?"

அவருக்கு வந்ததே கோபம். "தினமும்னு எங்கே சொன்னேன்? ஞாயித்துக்கிழமை சமையல் மட்டும்தானே சொன்னேன்?"

அவள் கரண்டியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர், எழுந்துபோய்ச் சத்தத்துக்கான கோடெக்கை மறுபடி போட்டார். மாமனார் சிரித்தார். வீடே நிறைந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள், அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சிரித்தார். இதையா மறைக்கப் பார்த்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வெங்காயம் உரித்தார். கண்ணில் நீர் கொட்டினாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. சாதம் குழைந்தது, குழம்பு அடிப்பிடித்தது. மனைவி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, உப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. சத்தமே இல்லாத படத்தில் அவர் வாக்குக் கொடுத்ததை அக்கா எப்படிப் படித்தாள் என்று கேட்டார்.

"அக்கா எங்கே படிச்சா? உங்க வாயை மைக் மறைக்குது, ஒண்ணுமே தெரியலைன்னுதான் சொன்னா."