இத்தாலி கட்சி மாறியதும் எதிர்வீட்டு முருகையனும்

அபிராமபுரம், சென்னை.

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, நல்லசிவம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் காமாக்ஷியும் உடம்பளவில் சுகம். அக்காவும் நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். மனதளவில் எப்படி என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அடுக்ககத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஒரு பில்டர் அலைவதும், மூன்றாவது மாடியில் நானும் எதிர்வீட்டு முருகையனும் மட்டும் கையெழுத்துப் போட மறுத்து நிற்பதும் உங்களுக்குத் தெரியும். "நாம ரெண்டு பேரும் இருக்கற வரைக்கும் ஒரு செங்கல்ல அசைக்க முடியாது சார்" என்று என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே சொன்ன மனிதர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். சாயங்காலம் முருகையன் வந்து மணி அடித்தபோது, "நான் வீட்டுல இல்லைன்னு சொல்லு காமாக்ஷி" என்று அவர் காதில் விழும்படி நானே கத்தினேன்.

அந்த ஆத்திரத்தில் இருந்தபோது பூங்காவில் கூடும் மூத்த குடிமக்கள் மன்றத்தில் பேசக் கூப்பிட்டார்கள். சரித்திரப் பேராசிரியராக ஓய்வு பெற்றவன் ஆயிற்றே, தலைப்பை நானே கொடுத்தேன்: "இரண்டாம் உலகப்போரின் நடுவே இத்தாலி ஏன் அணி மாறியது?" முருகையன் முன்வரிசையில் உட்காருவார், அவர் முகத்தைப் பார்த்துத் துரோகம் என்று சொல்ல வேண்டும் என்று கண்ணாடி முன் ஒத்திகைகூடப் பார்த்தேன். ஆனால் பேச ஆரம்பித்தால், அத்தான், படித்த படிப்பு விடமாட்டேன் என்கிறது. சிசிலி பறிபோனது, ரோம் மேல் குண்டு விழுந்தது, ரஷ்யப் பனிக்குப் போன பிள்ளைகள் திரும்பவில்லை, ரேஷனில் ரொட்டி போதவில்லை, கூட்டாளி ஜெர்மனியாலோ காப்பாற்றவும் முடியவில்லை, விலக விடவும் அதற்கு மனமில்லை. ராஜா சிம்மாசனத்தைக் காப்பாற்றப் பார்த்தார், ஜனங்கள் உயிரைக் காப்பாற்றப் பார்த்தார்கள். ஜெயிக்கிற பக்கம் சேரும் கணக்கும் உண்டுதான். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இனிமேல் தாங்காது என்பதுதான் காரணம். மாறிய பிறகும் நிம்மதி வரவில்லை, பழைய கூட்டாளியே படையோடு வீட்டுக்குள் புகுந்தான். துரோகம் என்ற சொல்லை எங்கே வைத்தேன் என்றே எனக்கு மறந்துபோயிற்று.

முருகையன் எழுந்தார். "ஏன் சார் ரகசியமா பண்ணாங்க? கூட இருந்தவன்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விடமாட்டான்னு பயம்" என்றேன்.

"ஆமா சார். அதான்" என்று உட்கார்ந்துவிட்டார். மைக் கூ என்று கத்தியது. நான் தண்ணீர் குடித்தேன்.

அவர் மனைவி ஜெயபாரதி அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். லிஃப்ட் இல்லாததால் நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடி தூக்கி வருவதைக் கண்ணாலும் பார்த்திருக்கிறேன். அதையும் கையெழுத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு சரித்திரப் பேராசிரியருக்குத் தெரியவில்லை.

பில்டர் கொடுத்த வாடகைப் பணத்தில் அடையாறில் தரைத்தள வீடு பார்த்துக் குடி போனார்கள். அந்த மாதமே ஜெயபாரதி அம்மா தவறிவிட்டார். துக்கம் கேட்கப் போனேன். முருகையன் என் கையை விடவில்லை. "தினமும் வாசல்ல உக்காந்து தெருவப் பாத்தா சார். பூக்காரிகிட்ட அவளே பேரம் பேசுனா. யாரும் தூக்கல" என்றார்.

இருந்தாலும் அத்தான், என் கொள்கை வேறு, துக்கம் வேறு. இந்தக் கட்டடத்தில் நான் ஒருவனாகவே நிற்பேன், கையெழுத்து கிடையாது என்று அக்காவிடம் உறுதியாகச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
நல்லசிவம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் காமாக்ஷி வந்து ஒரு சேதி சொன்னாள். அடையாறில் முருகையன் வீட்டுக்கு அடுத்த வீடு காலியாம்; என்னிடம் சொன்னால் விடமாட்டேன் என்று அவளும் முருகையனுமே பேசி முடித்து, பால் காய்ச்ச நாளும் குறித்துவிட்டார்கள். மத்தியானம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மேலே எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்ட வேண்டாம்.