ஒச்சம்மாள் வீட்டு டப்பா

மதுரையிலிருந்து வந்த தபாலைப் படித்ததும் காத்தமுத்துவுக்குக் காபி கசந்தது. பொம்மையன் தின்பதில் மஞ்சள் சாயம் போன வாரத்தைப்போல இரண்டு பங்காம்!

திண்டுக்கல்லில் குண்டாக இருக்கும் பிள்ளைகள் கடைத்தீனியோடு எவ்வளவு சாயத்தை விழுங்குகிறார்கள் என்று அளப்பதுதான் அவருடைய தற்காலிக வேலை. பதினைந்து வயதுப் பொம்மையன் நூற்றுத் தொண்ணூறு ராத்தல். அவன் எதைத் தின்றாலும் அதே அளவு தகர டப்பாவிலும் போட வேண்டும் என்று அவன் தாய் ஒச்சம்மாளுக்கு உத்தரவு. அரக்கு முத்திரை வைத்த டப்பா தினமும் மாலை ரயிலில் மதுரை ஆய்வுக்கூடத்துக்குப் போகும். காலி டப்பா காத்தமுத்துவின் வீட்டுக்கு வரும். சந்தைக்குப் போகிற வழியில் ஒச்சம்மாள் அதை அவர் மனைவி சிவனம்மாளிடம் வாங்கிக்கொள்வாள். துளி பிசகில்லாத ஏற்பாடு என்று காத்தமுத்துவுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

சைக்கிளை மிதித்துக்கொண்டு பொம்மையனிடம் ஓடினார்.

"ஏலே, எங்கடா திங்கிற?"

"சினிமாக் கொட்டகையில கலரு மிட்டாய் சார்."

"இனிமே அந்தப் பக்கம் தலைவச்சும் படுக்கக் கூடாது!"

அடுத்த வாரம் மூன்று பங்கு.

"வேற எங்க?"

"பள்ளிக்கூட வாசல்ல காராசேவு..."

"அதுவும் கூடாது!"

பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்.

அதற்கடுத்த வாரம் நான்கு பங்கு. எடையும் ஐந்து ராத்தல் ஏறியிருந்தது. போதாக்குறைக்கு ஒச்சம்மாள் வேறு, "டப்பா மூடவே மாட்டேங்குது சார்" என்றாள். திருட்டுத்தனமாகத் தின்கிறான் என்று முடிவுகட்டிய காத்தமுத்து, ஐந்து படி கொள்ளும் டப்பா ஒன்றை வாங்கி வந்தார்.

அதைப் பார்த்ததும் சிவனம்மாளுக்கு முகம் சுருங்கியது.

"என்னங்க, இம்புட்டுப் பெருசா?"

"ஆராய்ச்சின்னா அப்படித்தான். ஒனக்கென்ன வந்துச்சு?"

"எனக்கென்ன..." என்று பெருமூச்சு விட்டு, பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள் அந்த மகராசி.

மேலதிகாரியின் கடிதம் வந்தது. சாயம் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேலை நீடிக்காது. காத்தமுத்துவின் குடும்பம் அந்த ஒரு சம்பளத்தில்தான் ஓடுகிறது.

மூன்று நாள் பொம்மையனுக்குப் பின்னாலேயே அலைந்தார். பையன் ஒரு சோடாகூடக் குடிக்கவில்லை. மிட்டாய்க் கடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். இவ்வளவு நல்ல பிள்ளையையா சந்தேகப்பட்டோம் என்று அவருக்கே வெட்கமாயிருந்தது. ஆனால் வேலை போய்விடுமே!

வெள்ளிக்கிழமை காலை ஒச்சம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எம் பொழப்பே ஒங்க கையிலதாம்மா இருக்கு. மறைக்காமச் சொல்லுங்க, எந்தக் கடையில வாங்கித் திங்கிறான்?"

ஒச்சம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"கடையா? நீங்க சொன்னதுலேருந்து கடவாசல மிதிக்கலையே சார்! அடுத்த வீட்டு ஏனத்த வெறுசாத் திருப்பக் கூடாதுன்னு ஒங்க வீட்டம்மா தெனமும் டப்பா நெறைய மஞ்ச லட்டு போட்டுக் குடுக்குறாங்கள்ல, ஆபீசர் வீட்டு லட்டு, மருந்தாத்தான் இருக்கும்னு அதை மட்டுந்தான் ஊட்டுறேன்!"