சின்னவளின் கோப்பும் ஒரு குட்டி நாற்காலியும்

பெருமதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. இங்கே எல்லாரும் சுகம். என் ரத்தக் கொதிப்பு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

"பள்ளிக்கூடத்தோட மோதாதே, காட்டுற இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வா" என்று போனில் சொன்னீர்கள். போடவில்லை. ஏன் என்று கேளுங்கள். சின்னவளுக்கு எழுத்துகள் கண்ணில் குழம்பும், வாயால் கேட்டால் பதில் கடகடவென்று வரும் என்பது உங்களுக்கே தெரியும். தேர்வில் கேள்வியை வாசித்துக்காட்ட ஓர் ஆள், கூடுதலாக அரைமணி நேரம் என்று போன வருடம் பள்ளியே எழுதிக் கொடுத்தது. ஆளும் வரவில்லை, அரைமணியும் வரவில்லை. எங்களுக்கு அழைப்புதான் வந்தது. போனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு பேர், எல்லாருக்கும் சுழல்நாற்காலி. எனக்கும் என் மனைவிக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலி. முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். தலைமையாசிரியை ஒரு காகிதத்தை நீட்டி, "உங்க பொண்ணைத் தனி வகுப்புக்கு மாத்துறோம். பெற்றோர் சம்மதம்னு ஒரு கையெழுத்து" என்றார். எதை வைத்து முடிவு செய்தீர்கள், அவள் கோப்பைக் காட்டுங்கள் என்றேன். "அது ரகசியம் சார். வெளியாளுக்குக் காட்ட மாட்டோம்." அண்ணே, பெத்த அப்பன் நான் வெளியாளாம்! எனக்கு வந்ததே கோபம், விருட்டென்று எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. இடுப்பில் அது தொங்க, "கோப்பைப் பார்க்க எங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கு! வேற நிபுணரை வெச்சுப் பரிசோதிக்க உரிமை இருக்கு! மேல்முறையீடு பண்ண உரிமை இருக்கு!" என்று கத்தினேன். நான் திரும்பிய பக்கமெல்லாம் நாற்காலிக்கால் பட்டுத் தண்ணீர்க் குவளைகள் உருண்டன. ஆலோசகர் அம்மா, "சார், முதல்ல உட்காருங்க" என்கிறார். அதுதானே முடியவில்லை! வாட்ச்மேன் வந்து இழுத்துக் கழற்றுவதற்குள் தலைமையாசிரியை கோப்பை எடுத்து நீட்டிவிட்டார். முதல் பக்கமே பித்தலாட்டம்: சின்னவளைப் பரிசோதித்ததாகப் போட்டிருந்த தேதியில் அவள் காய்ச்சலோடு வீட்டில் படுத்துக் கிடந்தாள்! நான் அடங்கிப் போயிருந்தால் இது வெளியே வந்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
அடங்காத தம்பி

பி.கு.: இதைப் படித்துவிட்டு என் மனைவி சொல்கிறாள்: "உங்க கத்தலுக்கு ஒண்ணும் கோப்பு வரலை. பத்து நாளைக்கு முன்னாடியே கல்வி அதிகாரிக்கு நான் மனு போட்டுட்டேன். கோப்பைக் காட்டணும்னு உத்தரவு அன்னைக்குக் காலையிலயே தலைமையாசிரியை கைக்கு வந்தாச்சு. அது நமக்குத் தெரியறதுக்குள்ள கையெழுத்து வாங்கிடப் பார்த்தாங்க. உங்ககிட்ட சொன்னா ஊருக்கே சொல்லியிருப்பீங்க." இன்று தபாலில் கல்வி அதிகாரியின் முடிவும் வந்துவிட்டது: தனி வகுப்பு கிடையாது, திங்கட்கிழமைத் தேர்வுக்கு வாசிக்கும் ஆள் வருகிறார். ஆகவே மேலே எழுதியதில் என் வீரத்தை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். கோபத்தில் ஒரு எழுத்தைக்கூட அடிக்க வேண்டாம்.