தகர டின்னும் என் மிருதங்கக் காதும்

ஆறு வருடம் மிருதங்கம் படித்தவனுக்குக் காது கூர்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் தனக்குப் பழகியதைத்தான் கேட்பான். அப்படிக் கேட்டு அறை வாங்கியவன் நான்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சரக்குக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். தினமும் காலையில் முற்றத்தில் எல்லோரும் தேகப்பயிற்சி செய்ய வேண்டும். ஜப்பானிய அதிகாரி "இச்சி, நி, சான், ஷி" என்று நாலு நாலாக எண்ணுவார். மேலதிகாரி பார்வையிட வந்த அன்று பார்த்து அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. எண்ணுவதற்குப் பதில் யாராவது ஒரு தகர டின்னைத் தட்டினால் போதும், முன்னால் நின்று செய்துகாட்ட ஒருவன் வேண்டும் என்றார். நாலாவது தட்டுக்கு எல்லோரும் மேலதிகாரியைப் பார்த்துக் குனிய வேண்டுமாம். எனக்கு மிருதங்கம் தெரியும் என்று நானே கையைத் தூக்கினேன். (யார் கேட்டார்கள்?)

டின் தட்டியவர் ஸ்டோர் கணக்கர் சவரிமுத்து அண்ணன். மாதா கோயிலில்கூட வாய் திறந்து பாடாதவர். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, டொக் டொக் என்று ஒரே சீராகத் தட்டினார். அந்த வாரம் முழுக்க வீட்டில் நான் திஸ்ர நடையில், மூன்று மூன்றாகச் சாதகம் செய்துகொண்டிருந்தேன். டின்னும் எனக்குத் 'தகிட தகிட' என்றே கேட்டது. ஒவ்வொரு 'த'வுக்கும் முழங்காலை மடக்கினேன். பின்னால் இருந்தவர்களும் மடக்கினார்கள். நாலாவது தட்டுக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. ஒருவரும் குனியவில்லை.

மேலதிகாரி போனதும் கன்னத்தில் விழுந்தது. அது ஒன்றுதான், எண்ணிக்கையில் சந்தேகமே இல்லை.

பிறகு சவரிமுத்து அண்ணனிடம் போய், மூன்று மூன்றாகத்தானே தட்டினீர்கள் என்று சண்டை பிடித்தேன்.

"மூணும் தட்டல, நாலும் தட்டல. சும்மா தட்டினேன் லா" என்றார்.

என்னோடு முழங்கால் மடக்கிய அத்தனை பேரும் மூன்றுதான் கேட்டது என்று சத்தியம் செய்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்த டைப்பிஸ்ட் கிரேஸ் அக்காவுக்கோ வெறும் டின் சத்தம்தான் கேட்டிருக்கிறது.

ஒரு மாதம் நாலு நாலாக எண்ணிக்கொண்டே முற்றத்தைச் சுற்றி நடக்க வேண்டும் என்பது தண்டனை. நடந்து நடந்து, குழாய் சொட்டுவதும் ரயில் ஓடுவதும் நாலாகவே கேட்க ஆரம்பித்தன. திஸ்ரம் கையை விட்டே போய்விட்டது. மிருதங்க வாத்தியார் இரண்டு வகுப்பு பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு ஏதாவது பழகிக்கொள்ளச் சொன்னார்.

யுத்தம் முடிந்து, கல்யாணமாகி, முதல் பிள்ளையும் பிறந்தது. ஆசையாகத் தொட்டிலை ஆட்டப் போனேன். மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க ஆட்ட வேணாம். புள்ள காது கெட்டுப் போயிரும்."

பேரப்பிள்ளைகள் வரை அதே சட்டம். தொட்டில் கட்ட மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.