வெல்டருக்கு ஓவர்டைம் கிடைத்த விதம்

பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையில், ஓவர்டைம் வேலையைப் பணிமூப்புப்படிதான் கொடுக்க வேண்டும் என்று சங்கத்தோடு ஒப்பந்தம் இருந்தது. வெல்டர்தான் எல்லோருக்கும் மூத்தவர். ஆனால் ஓவர்டைம் ஒவ்வொரு முறையும் சூப்பர்வைசரின் மச்சானைத் தேடிப் போனது. மச்சானுக்கு வெல்டிங் தெரியாது. அவர் பற்றவைத்த பம்புகள், உள்ளே வந்த தண்ணீரை நாலா பக்கமும் பாரபட்சமில்லாமல் பங்கிட்டுக் கொடுத்தன.

வெல்டர் வீட்டுத் தகரக் கூரை ஒழுகியது. "ஊரு ஓட்டையெல்லாம் அடைக்கிறீங்க. நம்ம தலைக்கு மேல இருக்கிறதை எப்ப அடைப்பீங்க?" என்றாள் மனைவி.

வெல்டர் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டார்.

"உங்க உடம்பு மேல இருக்கிற அக்கறைதாண்ணே," என்றார் சூப்பர்வைசர். "ராத்திரி பகலா உழைச்சு மச்சானுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, தங்கச்சியை நான் பாத்துக்குவேன். உங்க வீட்டுக்கு யாரு இருக்கா?"

அடுத்து சங்கச் செயலாளர். அவர் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்.

"முதல்ல குறைதீர்ப்புக் குழு. சரிப்படலேன்னா தொழிலாளர் அதிகாரி. அதுவும் இல்லேன்னா கோர்ட்டு."

"இதுல எது சீக்கிரம் முடியும்?"

"நீங்க வழிதானே கேட்டீங்க. முடியறதைப் பத்திக் கேக்கவே இல்லையே."

குழு கூடியது. வேலை நேரத்தில் கூடினால் உற்பத்தி பாதிக்கும் என்பதால், வேலை முடிந்த பிறகு கூடியது. ஆகவே மேலாளர், செயலாளர், சூப்பர்வைசர் ஆகியோருக்கு ஓவர்டைம் வழங்கப்பட்டது. சாட்சி சொல்ல வந்த மச்சானுக்கும் வழங்கப்பட்டது. வெல்டரை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"விசாரணையே என்னைப் பத்திதானே சார்?"

"அதுதான் சிக்கல்," என்றார் மேலாளர். "உள்ளே வந்தா அது ஓவர்டைம். உங்களுக்கு ஓவர்டைம் உண்டா இல்லையாங்கறதுதான் வழக்கு. இப்பவே கொடுத்துட்டா, தீர்ப்பை முன்கூட்டியே சொன்ன மாதிரி ஆயிடும்."

வெல்டர் தொழிலாளர் அதிகாரியிடம் முறையிட்டார். அதிகாரி நெடுநேரம் கண்ணை மூடி ஆலோசித்தார். குறட்டையும் விட்டு ஆலோசித்தார். பிறகு, புகார்தாரர் இல்லாமல் நடந்த விசாரணை செல்லாது என்றும், மேற்படியாரையும் உட்காரவைத்து, மேற்படியாருக்கும் ஓவர்டைம் வழங்கி, முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

அன்று முதல் வெல்டர் சாயங்காலமானால் மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலாளர் வாய்தா கொடுப்பார். செயலாளர் அதை வன்மையாகக் கண்டித்து ஏற்றுக்கொள்வார். வெல்டர் வீட்டுக்குப் புதுக் கூரை வந்தது.

இதைப் பார்த்த லேத்காரர் தனக்கும் அநீதி வேண்டும் என்று கேட்டார். பெயிண்டரும் கேட்டார். யாரும் விடுபட்டுவிடக் கூடாதே என்று சூப்பர்வைசர் எல்லோருக்கும் பணிமூப்புப்படி அநீதி இழைத்தார். சாயங்காலத்தில் பம்பு செய்ய மச்சான் மட்டும் மிஞ்சினார்.

இந்த நிலையில் மேலாளர் மாற்றலாகி, புது மேலாளர் வந்தார். விவரம் தெரியாதவர். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, "வெல்டர் பக்கம்தான் நியாயம். நாளையிலேர்ந்து வெல்டிங் ஓவர்டைம் முழுக்க அவருக்கே. வழக்கு முடிஞ்சுது," என்றார்.

வெல்டருக்கு முகம் வெளுத்தது. "நான் மேல்முறையீடு செய்யறேன்."

"நீங்கதானேய்யா ஜெயிச்சிருக்கீங்க?"

"அதை எதிர்த்துத்தான் சார்."

அறையில் இருந்த எல்லோரும் ஆதரித்துக் கை தூக்கினார்கள். சூப்பர்வைசர் இரண்டு கையையும் தூக்கினார். செயலாளர் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"தோழருக்கு இழைக்கப்பட்ட இந்த நீதியைச் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது."