நிர்மலின் பம்பரம்

யசோதா டாலிகஞ்ச் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பாட்டு அவள் போனில் வந்து விழுந்தது.

அனுப்பியவள் பிரியம்வதா. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். ஆண்டுமலருக்காக, பையன்களின் அன்றாடக் கூத்தை வைத்து ஒரு வேடிக்கைப் பாட்டு டைப் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தாள். வரிகளை அடுக்கினால் படமாகத் தெரிய வேண்டும். ஒரு பையன் வட்டமாகத் தோசை எழுதியிருந்தான். இன்னொருவன் கிரிக்கெட் மட்டை. "நம்ம நிர்மலோடதுதான் பெஸ்ட்!" என்று இதை மட்டும் தனியாகப் போட்டிருந்தாள். பம்பரம்.

எல்லாரும் சுற்று என்கிறார்கள், சுற்றுகிறேன்
   திங்கட்கிழமை வந்தால் வயிறு வலிக்கிறது
      கயிறு யார் கையிலோ இருக்கிறது
         தலை கிறுகிறு என்கிறது
            நின்றால் விழுவேன்
               விழுந்தால்
                  தூக்கம்
                     தான்

கீழே மற்ற அம்மாக்கள் கைதட்டியிருந்தார்கள், விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். யசோதா மட்டும் கடைசி மூன்று வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவர்கள் வீடு நாலாவது மாடியில்.

கத்திரிக்காயைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினாள்.

"நிர்மல், இந்தப் பாட்டு நீ எழுதினதாடா?"

பத்து வயது நிர்மலின் முகம் வெளுத்துப்போயிற்று. "ஆமா."

"மனசுல ஏதாவது கஷ்டமா கண்ணா? அம்மாகிட்டச் சொல்லு."

"கிச்சு நா, மா." ஒன்றுமில்லை என்பதைக்கூட அவன் பெங்காலியில்தான் சொல்வான்.

"திங்கக்கிழமை வயிறு வலிக்கறதா?"

நிர்மல் கொஞ்சம் யோசித்தான். "வலிக்கும்," என்றான்.

அந்தத் திங்கட்கிழமை அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை தோளும் வலித்தது. கணக்கு டியூஷன் நின்றது. கேட்டதெல்லாம் கிடைத்தது. பையன் தின்னத் தின்ன, யசோதாவுக்குப் பயம்தான் கூடியது. 'இவ்வளவு ஆசையாச் சாப்பிடறானே, ஏதோ முடிவு பண்ணிட்டானா?' என்று தோன்றியது.

அவள் கணவர் பார்த்தசாரதிக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ். புது மேலதிகாரி வந்ததிலிருந்து வீடு திரும்பும் நேரம் தள்ளிக்கொண்டே போயிற்று. செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் போனை நீட்டினாள்.

"ஏன்னா, இதைப் படிங்கோ."

அவர் போனை வாங்கிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"விடு யசோதா. குழந்தைப் பாட்டு. சிரிக்கறதுக்கு எழுதினது."

"இதுல எங்கே இருக்கு சிரிப்பு? பெத்த அப்பாவுக்கு இது உறைக்கலையா?"

அன்று ராத்திரி அவர் தட்டில் பாதிச் சாதத்தை வைத்துவிட்டு எழுந்தார். உறைத்துவிட்டது என்று யசோதாவுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மறுநாள் பால்கனிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ராத்திரி நீங்கதான் பொறுப்பு." அவர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு போய்ப் பால்கனியில் வெகுநேரம் நிற்பார். பிள்ளை மேல் இப்போதாவது அக்கறை வந்ததே என்று யசோதா நினைத்துக்கொண்டாள். மழைக்காலம், துணியெல்லாம் உள்ளேயே காய்ந்து வீடு முழுக்க ஈரவாடை அடித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

அப்பா சீக்கிரம் வந்தால் பையன் தெளிவான் என்று தோன்றியது. அவருக்குத் தெரியாமல் மேலதிகாரிக்கே போன் போட்டு, வீட்டு நிலைமையைச் சொல்லி அழுதாள். பார்த்தசாரதி அன்று இன்னும் தாமதமாக வந்தார்.

"ஆபீஸுக்கு ஏன் போன் பண்ணினே?"

"பையனுக்காகத்தான். திட்டினாரா?"

"நீ அழுததை எல்லார் முன்னாலயும் அப்படியே நடிச்சுக் காமிச்சார்," என்றார்.

"நீங்க இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுண்டு உக்காந்தா பிள்ளை வேற எப்படி இருக்கும்? கொஞ்சம் சிரிச்சு வெக்கலாமோல்லியோ?"

அவர் சிரித்தார். அதற்குச் சிரிக்காமலே இருந்திருக்கலாம்.

கீழ்வீட்டுப் பெங்காலி அண்ணி மாதவி பௌதிக்கு விஷயம் எட்டியது. அவள் ஒரு டப்பா சந்தேஷ் இனிப்போடு வந்து, நிர்மலைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். மறுநாள் கட்டடமே வந்து அவன் தலையைத் தடவியது. லிப்ட்காரர் அவனை மொட்டைமாடிக்கு ஏற்றிப்போக மாட்டேன் என்றார். கூட விளையாடும் பையன்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை. அவனைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அவரவர் அம்மா உத்தரவு. சந்தேஷ் அலுத்துப்போய், ஆட்டமும் இல்லாமல், நிர்மல் நிஜமாகவே மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான்.

"பாத்தேளா? நான் சொன்னபோது நம்பலையே!" என்றாள் யசோதா.

சனிக்கிழமை கொட்டும் மழையில் நாலு பேரும் ஒரே ஆட்டோவில் மனநல டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ரஞ்சன் வயதான பெங்காலி. அறை சின்னது. "நீங்க வெளியில இருங்கோ, உள்ளே இடமில்லை," என்று கைப்பையையும் நனைந்த குடையையும் பார்த்தசாரதியின் மடியில் வைத்துவிட்டு, நிர்மலோடும் அவன் தங்கை ஆறு வயது அனன்யாவோடும் யசோதா உள்ளே போனாள்.

பாட்டை வரிவரியாகத் தன் அரைகுறைப் பெங்காலியில் சொன்னாள். பம்பரத்துக்கு லாட்டு என்றாள். முதல் வரிக்கு டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாவது வரியில் சிரிப்பு நின்றது. கடைசி வரிக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

பிறகு நிர்மலைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிரிக்கெட் பேசினார், சௌமீன் நூடுல்ஸ் பேசினார். பையன் பேசித் தள்ளினான். டாக்டர் நிமிர்ந்தார்.

"உங்கள் பையனுக்கு ஒன்றுமில்லை அம்மா. பள்ளிக்கூடம் போகச் சோம்பல், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பாட்டை என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. எனக்கே குழப்பமாக இருக்கிறது. இதை எழுதிய மனசை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள்."

யசோதா மகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவையும் எங்கேடா வெச்சிண்டிருந்தே? யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலையேடா!"

நிர்மல் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் திட்டு வாங்குவதாக நினைத்து, சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருந்த அனன்யா பதறிப்போய்ச் சொன்னாள்:

"அண்ணாவைத் திட்டாதேம்மா, அவனுக்குத் தமிழ் எழுதவே வராது, அப்பாதான் எழுதிக் குடுத்தா."